டெமோ என்று நினைக்கப்பட்ட ஆல்பம்: வில்லி நெல்சன், 1975 – ஒரு நிகழ்வு ஆய்வு

1975 மே மாதம் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' என்ற கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற மரபில் வளர்ந்த இசை) ஆல்பத்தை வெளியிட்டது. பாடியவர் வில்லி நெல்சன், வயது 42. அதுவரை அவர் பாட்டெழுதிப் பேர் வாங்கியவர். பாடகராகப் பெரிதாக எடுபடாதவர். அந்த ஆண்டு முடிவதற்குள் நிலைமை தலைகீழானது. அது எப்படி நடந்தது, யார் எந்தக் கட்டத்தில் என்ன முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதை வரிசையாகப் பதிவு செய்வதே இந்த ஆய்வு.

பாடகரையும், பதிவுகளில் பெயர் உள்ள கலைஞர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன். நிறுவன அதிகாரிகள், மேலாளர், ஸ்டூடியோவில் இருந்தவர்கள் ஆகியோரை அவரவர் பொறுப்பால் மட்டுமே குறிப்பிடுகிறேன். இந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு எந்த அதிகாரி எதைச் சொன்னார் என்பதற்கு ஏற்கெனவே நான்கைந்து கதைகள் உலவுகின்றன. எனக்கு வேண்டியது அவருடைய பெயர் அல்ல. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அன்று என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்பதுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'கலைஞன் முரண்டு பிடித்தான், நிறுவனம் பணிந்தது' என்றுதான் இந்தக் கதையை வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. மீதிப் பாதி ஓர் ஒப்பந்தத் தாளில் இருக்கிறது.

பின்னணி

டெக்சாஸ் மாநிலத்தில் ஆபட் என்ற சிற்றூரில் 1933 ஏப்ரலில் பிறந்தவர் நெல்சன். தாத்தாவும் பாட்டியும் வளர்த்தார்கள். அக்கா பாபி பியானோ, தம்பி கிட்டார். பிழைப்புக்கு ரேடியோவில் அறிவிப்பாளராக இருந்தார். வீடு வீடாக ஏறி இறங்கிப் புத்தகம் விற்றார். கைச்செலவுக்கு இல்லாதபோது எழுதிய பாட்டையே விற்றார். 'ஃபேமிலி பைபிள்' 50 டாலருக்கும் 'நைட் லைஃப்' 150 டாலருக்கும் கைமாறின. பின்னாளில் அந்தப் பாட்டுகள் எவ்வளவு சம்பாதித்தன என்று கணக்குப் பார்த்தால் வயிறு எரியும்.

1960இல் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குப் போனார். அடுத்த ஆண்டே எழுத்தில் கொடி நாட்டினார். அவர் எழுதிய 'ஹலோ வால்ஸ்' பாட்டை ஃபேரன் யங் பாடி, கன்ட்ரி பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். 'க்ரேஸி'யைப் பேட்ஸி க்ளைன் பாடினார். அந்தப் பாட்டு இன்றைக்கும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் நெல்சனே பாடிய இசைத்தட்டுகள் நகரவில்லை. 1962இல் 'டச் மி' ஏழாம் இடம் வரை வந்தது. அதற்குப் பிறகு 1975 வரை அவர் பாடிய ஒன்றுகூடக் கன்ட்ரி பட்டியலின் முதல் பத்துக்குள் நுழையவில்லை. 1964 முதல் எட்டு ஆண்டுகள் ஆர்சிஏ நிறுவனத்தில் இருந்தார். வரிசையாக ஆல்பங்கள் வந்தன, விற்பனைதான் வரவில்லை.

காரணத்தைப் புரிந்துகொள்ள நாஷ்வில் வேலை செய்த முறையைப் பார்க்க வேண்டும். தயாரிப்பாளரை நியமிப்பது நிறுவனம். வாசிப்பது ஸ்டூடியோவின் ஆஸ்தான வாத்தியக்காரர்கள். பாடகரோடு ஊர் ஊராகச் சுற்றும் குழுவுக்குப் பெரும்பாலும் ஸ்டூடியோவில் இடம் கிடையாது. ஓர் அமர்வு 3 மணி நேரம். அதற்குள் மூன்று நான்கு பாட்டு முடிய வேண்டும். பாடகர் வீட்டுக்குப் போன பிறகு வயலின் வரிசையும் கோரஸும் மேலே ஏறும். பாப் ரசிகர்களையும் இழுக்க உருவான இந்த மெருகுக்கு 'நாஷ்வில் சவுண்ட்' என்றே பெயர் வந்துவிட்டது. நல்ல முறைதான், பலரை வாழவைத்தது.

நெல்சனின் குரலுக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை. அவர் தாளத்தின் மேல் உட்கார்ந்து பாடுபவர் அல்லர். ஒரு வரியைத் தாமதமாக எடுப்பார், பேசுவதுபோல் இழுப்பார், பிறகு விறுவிறுவென்று வந்து சேர்ந்துகொள்வார். அடியில் ஒரு கிட்டாரும் அடங்கிய பேஸ் கிட்டாரும் மட்டும் இருந்தால் இந்த விளையாட்டு காதில் விழும். பதினைந்து வயலின் ஒரே சீராக நகரும்போது அதே பாட்டு தாளம் தப்பிய பாட்டாகக் கேட்கும்.

கவனித்தவை

1970 டிசம்பரில் நாஷ்வில்லுக்கு அருகே ரிட்ஜ்டாப்பில் இருந்த அவர் வீடு எரிந்தது. எரியும் வீட்டுக்குள் ஓடி அவர் எடுத்து வந்தவற்றில் ஒன்று 'ட்ரிக்கர்' என்று பெயரிட்டு வைத்திருந்த கிட்டார். மார்ட்டின் நிறுவனத்தின் என்-20 மாடல், நைலான் தந்தி. விரலால் மீட்டச் செய்யப்பட்ட அந்தக் கிட்டாரை அவர் பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) வைத்து வாசிப்பார். இந்த வகைக் கிட்டாரில் மரத்தைக் காக்கும் தகடு இருப்பதில்லை. வாசிக்க வாசிக்க மரம் தேய்ந்து, ஒலித்துளைக்குக் கீழே இன்னொரு துளையே விழுந்துவிட்டது. 1975 ஆல்பம் முழுக்க, குரலுக்கு அடுத்தபடியாக நாம் கேட்பது இந்தக் கிட்டாரைத்தான்.

தீ விபத்துக்குப் பிறகு டெக்சாஸுக்குத் திரும்பிய அவர், 1972இல் ஆஸ்டின் நகரில் குடியேறினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் 'ஆர்மடில்லோ வேர்ல்ட் ஹெட்குவார்ட்டர்ஸ்' என்ற அரங்கில் பாடினார். நீண்ட முடி வளர்த்த ராக் ரசிகர்கள் கூடும் இடம் அது. கன்ட்ரி பாடகருக்கு அங்கே என்ன வேலை என்று நாஷ்வில்லில் இருப்பவர்கள் கேட்டிருப்பார்கள். ஹிப்பிகளும் கௌபாய் தொப்பிக்காரர்களும் ஒரே கூரையின் கீழே நின்று கேட்டார்கள். வயலினோ கோரஸோ இல்லாமல், தன் குழுவை மட்டும் வைத்துக்கொண்டு அவர் வாசித்ததற்குத்தான் அந்தக் கூட்டம் வந்தது. மேடையில் வேலை செய்த ஒலி எது என்பது அவருக்குக் கண்ணெதிரே தெரிந்தது. தட்டில் பதிவான ஒலி அது அல்ல என்பதும் தெரிந்தது.

இந்த நிகழ்வில் ஆக முக்கியமான தரவு இதுதான் என்பேன். நிறுவன அறைகளில் இருந்தவர்கள் யாரிடமும் இது இல்லை. பாடகரிடம் இருந்தது.

இடையில் அட்லாண்டிக் நிறுவனத்துக்காக இரண்டு ஆல்பங்கள் செய்தார். 1974இல் வந்த 'ஃபேசஸ் அண்ட் ஸ்டேஜஸ்' ஒரு மணமுறிவின் கதை. தட்டின் ஒரு பக்கம் அவள் தரப்பு, மறுபக்கம் அவன் தரப்பு. அதற்கும் முன்னால், 1971இலேயே, ஆர்சிஏவில் 'யெஸ்டர்டேஸ் வைன்' என்று ஒரு மனிதனின் வாழ்வையும் சாவையும் தொடர்கதையாகப் பாடியிருந்தார், அது விற்கவில்லை. ஆக, கதையாக ஓர் ஆல்பத்தைக் கட்டுவது 1975இல் வானத்திலிருந்து குதித்த யோசனை அல்ல. இரண்டு முறை முயன்று பார்த்திருந்தார். 1974இல் அட்லாண்டிக் தன் நாஷ்வில் பிரிவை மூடிவிட, அவருக்கு மறுபடி வேறு நிறுவனம் தேட வேண்டியதாயிற்று.

முதல் முடிவு: ஒப்பந்தம்

கொலம்பியாவுடன் பேசியது அவருடைய மேலாளர். அந்த ஒப்பந்தத்தில் ஒரு விதி இடம்பெற்றது. எந்தப் பாட்டு, எந்த ஸ்டூடியோ, யார் வாசிப்பது, முடிந்த பதிவு எப்படி ஒலிக்க வேண்டும் என்பவற்றில் கடைசிச் சொல் பாடகருடையது.

இன்று ஒரு சிறு கலைஞர்கூட இதைக் கேட்பார். அன்றைய கன்ட்ரி உலகில் அது அரிது. வேலன் ஜென்னிங்ஸ் போன்ற ஓரிரு பாடகர்கள்தான் அதற்காக மல்லுக்கட்டி வாங்கியிருந்தார்கள். நிறுவனம் ஏன் ஒத்துக்கொண்டது? பாட்டெழுதுபவராக அவருக்கு இருந்த மதிப்பும், டெக்சாஸில் திரண்டுகொண்டிருந்த கூட்டமும் காரணமாக இருந்திருக்கலாம். இது என் ஊகம். அந்த விதியை அவர்கள் சம்பிரதாயமாக எண்ணியிருக்கவும் கூடும். அது எப்போது வேலைக்கு வரும் என்பது சில மாதங்களில் தெரிந்தது.

இரண்டாம் முடிவு: எந்தக் கதை

கொலராடோவிலிருந்து காரில் திரும்பும் வழியில், மேற்கத்தியக் கதை ஒன்றையே ஆல்பமாகச் செய்யலாமே என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி. நெல்சனுக்கு ஒரு பழைய பாட்டு நினைவுக்கு வந்தது. ரேடியோ அறிவிப்பாளராக இருந்த நாட்களில் குழந்தைகளுக்காகப் போட்ட பாட்டு. வீட்டில் தன் பிள்ளைகளைத் தூங்கவைக்கப் பாடியதும் அதுவே. சிவந்த முடிக்காரன் ஒருவன் கருங்குதிரை மேல் ஊருக்குள் வருகிறான், இறந்துபோன மனைவியின் குதிரையைக் கூடவே நடத்தி வருகிறான்.

அந்தப் பாட்டுக்கு முன்கதையும் பின்கதையும் சேர்த்தார். போதகன் ஒருவன், மனைவி வேறொருவனோடு போய்விடுகிறாள், இருவரையும் கொல்கிறான், திசை தெரியாமல் அலைகிறான், கடைசியில் எங்கோ ஓர் அமைதி கிடைக்கிறது. 'டைம் ஆஃப் த ப்ரீச்சர்' என்ற மெட்டு திரும்பத் திரும்ப வந்து கதையைத் தைத்துக்கொண்டே போகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. பாட்டெழுதியே பிழைத்தவர், தன் வாழ்க்கையின் திருப்புமுனை ஆல்பத்தைப் பெரும்பாலும் பிறர் எழுதியவற்றால் நிரப்பினார். பழைய காதல் பாட்டு, தேவாலயப் பாட்டு, மெக்சிகோவின் ஹுவென்டினோ ரோசாஸ் இயற்றிய வால்ஸ் நடன மெட்டு என்று கதைக்கு எது பொருந்தியதோ அதை எடுத்துக்கொண்டார். ஃப்ரெட் ரோஸ் எழுதி, 1940களில் ராய் ஏகஃப் பாடிய 'ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெய்ன்' அவற்றில் ஒன்று. மனைவியைக் கொன்றவன் அவளை நினைத்துப் பாடும் இடத்தில் அதை வைத்தார். தனியாகக் கேட்டால் எளிய பிரிவுப் பாட்டு; கதைக்குள் கேட்டால் முதுகு சில்லிடும்.

மூன்றாம் முடிவு: பதிவு

1975 ஜனவரி. டல்லஸ் அருகே கார்லண்டில் இருந்த ஆட்டம் சவுண்ட் ஸ்டூடியோ. நாஷ்வில்லோ நியூயார்க்கோ லாஸ் ஏஞ்சலஸோ அல்ல. வாசித்தவர்கள் அவரோடு பஸ்ஸில் ஊர் சுற்றும் குழுவினர்: அக்கா பாபி பியானோ, மிக்கி ராஃபேல் மவுத் ஆர்கன், பால் இங்கிலிஷ் டிரம்ஸ், பீ ஸ்பியர்ஸ் பேஸ், ஜோடி பெய்ன் கிட்டார். சில நாட்களில் வேலை முடிந்தது. செலவு சுமார் 4,000 டாலர் என்று சொல்லப்படுகிறது. பெரிய நிறுவனத்தின் ஆல்பத்துக்கு அது சில்லறைக் காசு.

தட்டைக் கேட்டால் முதலில் தெரிவது வாசிக்காமல் விட்ட இடங்கள்தான். மவுத் ஆர்கன் தேவைப்படும்போது எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது. பியானோ, ஞாயிற்றுக்கிழமை சிற்றூர்த் தேவாலயத்தில் கேட்பதுபோல் எந்த அலங்காரமும் இல்லாமல் வருகிறது. டிரம்ஸ் இருப்பதே பல இடங்களில் மறந்துபோகும். குரல் முன்னால், கிட்டார் பக்கத்தில், மற்றவை பத்தடி தள்ளி. ஐந்தாறு பேர் கையில் வாத்தியத்தோடு உட்கார்ந்துகொண்டு வாசிக்காமல் இருப்பது எளிதான காரியம் அல்ல. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாசித்தவர்களுக்குத்தான் அது கைவரும். கூலிக்கு வந்த வாத்தியக்காரர், தான் வந்ததற்கு அடையாளமாக நாலு சுரமாவது போட்டுவிட்டுப் போவார்.

ஒப்படைத்த நாள்

பதிவைக் கேட்ட நிறுவன அதிகாரிகள் இது முழு ஆல்பம் என்று நம்பவில்லை. டெமோ, அதாவது முறையாகப் பதிவு செய்வதற்கு முன் மாதிரிக்குப் பாடிக் காட்டுவது, என்று எண்ணினார்கள். நாஷ்வில்லுக்கு அனுப்பி மெருகேற்றலாம் என்ற பேச்சும் எழுந்தது. அவருக்காக வாதாட வந்திருந்த சகபாடகர் ஒருவர் கோபத்தில் அதிகாரியை ஏசிவிட்டார் என்றும் சொல்வார்கள்.

அந்த அதிகாரிகளைக் கேலி செய்வது இன்றைக்குச் சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் முன்னால் இருந்ததை அடுக்கிப் பார்ப்போம். பதின்மூன்று ஆண்டுகளாகப் பாடகராகத் தேறாத ஒருவர். வயலின் இல்லை, கோரஸ் இல்லை, பாதிப் பாட்டுகள் ஓரிரு நிமிடத்துண்டுகள். கதையின் நாயகன் கொலைகாரன். ரேடியோவிலோ பளபளப்பான பாட்டுகள் கொடிகட்டிப் பறந்த நேரம்; அதே 1975இல்தான் க்ளென் கேம்பெல்லின் 'ரைன்ஸ்டோன் கௌபாய்' கன்ட்ரி, பாப் இரண்டு பட்டியல்களிலும் முதலிடம் பிடித்தது. அந்தச் சூழலில் இந்தப் பதிவை முடிக்காத வேலை என்று நினைத்தவர், தன் தொழில் அறிவைக் கொண்டுதான் அப்படி நினைத்தார். அவர் விட்ட ஒரே பிழை, ஆஸ்டின் அரங்கில் ஒரு இரவு போய் நிற்காததுதான்.

பாடகர் ஒரு சுரத்தைக்கூட மாற்றச் சம்மதிக்கவில்லை. அவர் பிடிவாதமே வென்றது என்று எழுதுகிறவர்கள், ஆர்சிஏவிலும் இதே மனிதர்தான் இருந்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள். அங்கே பாடிவிட்டு வந்த பிறகு அவரைக் கேட்காமலே வயலின் ஏறியது. இங்கே ஏற்ற முடியவில்லை, ஏனென்றால் தாளில் கையெழுத்து இருந்தது. நிறுவனம் அப்படியே வெளியிட்டது. தோற்றுப்போனால் அடுத்த ஆல்பத்தில் தானே வழிக்கு வருவார் என்று கணக்குப் போட்டிருந்தாலும் வியப்பில்லை.

பின்விளைவு

'ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெய்ன்' தனித்தட்டாக வந்து, 1975 அக்டோபரில் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாடகராக அவருடைய முதல் முதலிடம். பாப் பட்டியலிலும் 21ஆம் இடம் வரை ஏறியது. ஆல்பம் கன்ட்ரி ஆல்பங்களில் முதலிடமும், பொதுப் பட்டியலில் 28ஆம் இடமும் பெற்றது. அந்தப் பாட்டுக்காகக் கிராமி விருது கிடைத்தது. 1976இல் விற்பனை அளவுக்காக ஆல்பத்துக்குத் தங்கச் சான்று. பத்து ஆண்டு கழித்து இரட்டைப் பிளாட்டினம். 2009ஆம் ஆண்டுக்கான தேர்வில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

அவருடைய தொழில் வாழ்க்கையில் இதன் உண்மையான இடம் எது என்று பார்க்க 1978க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு அவர், தன் சிறுவயதில் கேட்ட பழைய பாப் பாட்டுகளை மட்டுமே வைத்து 'ஸ்டார்டஸ்ட்' செய்தார். கன்ட்ரி கேட்பவர் இதை வாங்குவாரா என்று மறுபடி நிறுவனத்தில் புருவங்கள் உயர்ந்தன. இந்த முறை யாரும் வற்புறுத்தவில்லை. அந்த ஆல்பம் கன்ட்ரி பட்டியலில் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இருந்தது. 1975 ஆல்பம் பெற்றுத் தந்த பெரிய சொத்து இதுதான்: அதற்குப் பிறகு அவரை யாரும் திருத்தவில்லை.

சந்தை கற்றுக்கொண்ட பாடம் வேறு. 1976 ஜனவரியில் ஆர்சிஏ, நெல்சன், ஜென்னிங்ஸ், ஜெஸ்ஸி கோல்ட்டர், டாம்பால் க்ளேசர் ஆகியோரின் பதிவுகளைத் தொகுத்து 'வான்டட்! த அவுட்லாஸ்' என்று வெளியிட்டது. பிளாட்டினம் சான்று பெற்ற முதல் கன்ட்ரி ஆல்பம் அது. 'சட்டத்துக்கு அடங்காதவர்கள்' என்பது விற்பனைச் சரக்கானது. தாடியும் நீண்ட முடியும் பரவின. அந்த வேடம் எல்லை மீறிவிட்டது என்று 1978இல் ஜென்னிங்ஸே பாட்டில் நொந்துகொண்டார். தாடியை நகலெடுப்பதில் இருந்த ஆர்வம், ஒப்பந்த விதியை நகலெடுப்பதில் நிறுவனங்களுக்கு இருக்கவில்லை.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

நிறுவனத் தரப்பில், ஆல்பத்தை அலுவலகத்தில் போட்டுக் கேட்டு முடிவெடுத்தது பிழை. இந்தப் பாடகர் விஷயத்தில் ஒப்பிட வேண்டியது ரேடியோவில் ஓடும் மற்றத் தட்டுகளோடு அல்ல, அவருடைய மேடையோடு. ஒருவரை அனுப்பி அங்கே கூட்டம் எந்தப் பாட்டுக்கு அமைதியாகிறது என்று பார்த்து வரச் சொல்லியிருந்தால் 'டெமோ' என்ற சொல்லே எழுந்திருக்காது.

சிக்கனத்தை இந்த நிகழ்விலிருந்து யாரும் பாடமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 4,000 டாலரில் ஓர் ஆல்பம் என்பது கேட்க இனிக்கும். அந்தக் குழுவைப் பழக்க ஆன ஆண்டுகளையும், ஆர்சிஏவில் தவறான ஒலியில் கழிந்த ஆண்டுகளையும் அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

கதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குதிரையைத் தொட வந்த ஒரு பெண்ணை நாயகன் சுட்டுவிட்டுப் போகிறான். அவனைத் தூக்கிலிட முடியாது என்று பாட்டு அதற்குச் சமாதானமும் சொல்கிறது. தாலாட்டாகப் பாடப்பட்ட பாட்டு இது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் நெருடுகிறது. இரண்டு பெண்களைக் கொன்றவனுக்குக் கடைசியில் கிடைக்கும் அமைதியை ஆல்பம் கேள்வி கேட்பதே இல்லை. இசையில் எதை விடுவது என்று இவ்வளவு யோசித்தவர் கதையில் இதை யோசிக்காமல் விட்டார்.

பாடகர் தரப்பில் பெரிய ஓட்டை பணத்தில். ஒலிக்குக் காவல் போட்ட அளவுக்குக் கணக்குக்குக் காவல் போடவில்லை. வரிச் சலுகை தரும் என்று சொல்லி அவரை ஈடுபடுத்திய முதலீடுகளை வரித்துறை ஏற்கவில்லை. 1990இல் 1 கோடியே 67 லட்சம் டாலர் வரிப் பாக்கிக்காகச் சொத்துகள் பறிமுதலாயின. ஜப்தி ஆட்கள் வருவதற்கு முன்பே ட்ரிக்கரை மகள் மூலம் வேறிடம் சேர்த்துவிட்டார். கடனை அடைக்க 'தி ஐஆர்எஸ் டேப்ஸ்' (ஐஆர்எஸ் என்பது அந்த வரித்துறையின் சுருக்கப் பெயர்) என்ற பெயரில் ஓர் ஆல்பம் விற்பனைக்கு வந்தது. அதில் குழுகூட இல்லை. அவர் குரலும் ஒரு கிட்டாரும் மட்டும். இந்த முறை யாரும் அதை டெமோ என்று சொல்லவில்லை.